குல்லாக்காரி யார் என்று கேட்டீர்கள்

போன வாரம் நம் விடுதி குரூப்பில் ஒருத்தி பழைய படம் ஒன்றைப் போட்டாள். கைவேலைக் கண்காட்சி அன்று எடுத்தது. பங்குனி வெயிலில் நம் எல்லார் முகத்திலும் எண்ணெய் வடிகிறது. ஓரத்தில் ஒரு பிள்ளை மட்டும் காது மறைய கம்பளிக் குல்லா போட்டுக்கொண்டு நிற்கிறது. "யாருடி இந்தக் குல்லாக்காரி? நம்ம ஊரு வெயில்ல குல்லாவா?" என்று கேள்வி. கீழே வரிசையாகச் சிரிக்கும் முகங்கள். ஒருத்திக்கும் பேர் ஞாபகம் இல்லை. ஒருத்தி மட்டும் "மே...ஏ...ஏ" என்று எழுதியிருந்தாள். அது ஞாபகம் இருக்கிறது உங்களுக்கு.

எனக்கு அவள் பேர் தெரியும். பிறந்த கிழமையும் தெரியும். அவள் என் தாய்மாமன் மகள். உங்களிடம் இதை இப்போதுதான் முதல்முறையாகச் சொல்கிறேன். அன்றைக்கு அவளை "ஊர்க்காரி" என்றுதான் சொன்னேன். நீங்களும் நம்பினீர்கள்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். கல்லூரிக்குப் போன முதல் ஆளும் நான்தான். இன்று மதுரைக் கோச்சடையில் என் பேர்ப்பலகை மாட்டிய வீட்டில் இருக்கிறேன். இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் இல்லை. பெருமைதான். அந்தப் பெருமை எந்த இடத்தில் தொடங்கியது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். எழுதி முடித்ததும் அது குறைந்துவிடும் என்று நினைக்காதீர்கள்.

என் அப்பா விவசாயி என்று உங்களிடம் சொல்லியிருந்தேன். பொய். எங்களுக்கு ஒரு சென்ட் நிலம் கிடையாது. அப்பாவும் மாமாவும் சேர்ந்து கிடை போட்டார்கள். அறுத்த வயலில் ராத்திரிக்கு ஆடுகளை அடைத்தால் புழுக்கையும் மூத்திரமும் நிலத்துக்கு உரம். ஒரு வயல் முடிந்ததும் அடுத்த வயல், அந்த ஊர் முடிந்ததும் அடுத்த ஊர். திருமங்கலத்துக்கும் டி. கல்லுப்பட்டிக்கும் நடுவில் எங்கள் ஆடு படுக்காத காடு குறைவு. இரண்டு பேர் ஆடுகளும் ஒரே கிடையில்தான் கிடக்கும். காதைப் பார்த்துத்தான் பிரிப்போம். மாமா ஆட்டுக்கு வலக்காதில் ஒரு முக்கோண வெட்டு. எங்கள் ஆட்டுக்கு இடக்காதில் இரண்டு.

விடுதியில் என் முதல் வேலை உடம்பிலிருந்து அந்த வாடையைப் போக்குவது. ஆறாம் வகுப்பு முழுக்கத் தேய்த்துத் தேய்த்துக் குளித்தேன். காலைக் கூட்டத்தில் கணீரென்று உறுதிமொழி சொன்னேன். ஏழாம் வகுப்பில் லீடர் ஆனேன். ரிப்பன் வைத்து மடித்துக் கட்டிய என் இரட்டைச் சடையை நீங்களே தொட்டுப் பார்த்திருக்கிறீர்கள்.

அந்த வருஷம்தான் மாமா மகள் ஆறாம் வகுப்பில் வந்து சேர்ந்தாள். மாமா விட்டுவிட்டுப் போனபோது நான் வகுப்பில் இருந்தேன். சாயங்காலம் போனால், சோற்று வரிசையில் தட்டை ஏந்திக்கொண்டு நிற்கிறாள். என்னைப் பார்த்ததும் வாயெல்லாம் பல்.

"மதினி!"

வரிசையே திரும்பிப் பார்த்தது. "மதினியா? லீடரோட அண்ணனக் கட்டிக்கப் போறியாடி?" என்று ஒருத்தி கேட்க, நீங்கள் சிரித்தீர்கள்.

"ஊர்க்காரி," என்றேன் நான். "ஊர்ல எல்லாரையும் இப்படித்தான் கூப்புடுவா."

பிறகு குழாயடிக்கு இழுத்துக்கொண்டு போய்ச் சொன்னேன். "இங்க மதினின்னு சொல்லாத. அக்கான்னு சொல்லு. நம்ம ஒறவுன்னோ, நம்ம ஆடு வச்சிருக்கோம்னோ எங்கூடச் சேத்து ஒரு வார்த்தை பேசக் கூடாது."

"நான் ஆடு வச்சிருக்கோம்னு சொல்லிட்டேனே."

"ஒனக்கு இருக்கட்டும். எனக்கு இல்ல. கருப்பன் மேல சத்தியம் பண்ணு."

பண்ணினாள். பண்ணிவிட்டு அவளும் ஒன்று சொன்னாள். "அய்யா ஒரு வார்த்தை சொல்லித்தான் விட்டுட்டுப் போயிருக்காரு மதினி... அக்கா. பள்ளிக்கூடத்துல இருந்து எம்மேல ஒரு பொல்லாப்பு வந்தாலும் அன்னைக்கே கூட்டிட்டுப் போயிருவாராம். கிடைக்கு ஆள் இல்ல. நான் இம்புட்டு அழுததாலதான் விட்டுருக்காரு. நீ பாத்துக்க."

பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னேன்.

நம் பள்ளியில் காலையில் அரை மணி நேரம் தக்ளியில் பஞ்சு நூற்க வேண்டும். உங்களில் பாதிப் பேருக்கு இழை அறுந்துகொண்டே இருக்கும். அவளுக்கு ஒருநாளும் அறுந்ததில்லை. கைவேலை டீச்சர் கொடைக்கானல்காரர். மலையில் குளிருக்குப் பின்னும் குல்லாவை நமக்குச் சொல்லிக்கொடுத்தார். ஊசி வாங்க வழியில்லை என்று சைக்கிள் போக்ஸ் கம்பிகளை வெட்டி, துவைக்கிற கல்லில் முனை தீட்டிக் கொடுத்தார். நான்கு கம்பியில் வட்டமாகப் பின்ன வேண்டும். இரண்டு நிறம் என்றால் இரண்டு நூலும் கூடவே வரும். ஒன்று முன்னால் கண்ணியாகும்போது இன்னொன்று உள்பக்கம் காத்திருக்கும். உள்நூலை இழுத்துப் பிடித்தால் குல்லா சுருங்கும், தளர விட்டால் விரல் மாட்டும். நமக்கெல்லாம் இரண்டும் நடந்தது.

மதுரையிலிருந்து நடுவர் வரும் கண்காட்சிக்கு உள்ளூர்ப் பொருளில்தான் செய்ய வேண்டும் என்று டீச்சர் சொன்னபோது நாம் தென்னங்கீற்று, சோளத்தட்டை என்று யோசித்தோம். மாமா மகள் ஊருக்குப் போய்விட்டு ஒரு சாக்கு நிறைய ஆட்டு மயிரோடு வந்தாள். நம் பக்கத்துச் செம்மறிக்கு மயிர் குட்டை, நூற்க வராது. மாமாவிடம் கம்பளிக்கென்றே வளர்க்கிற குறும்பாடு ஏழெட்டு இருந்தது. அதன் மயிர்தான். வெள்ளை ஒரு பக்கம், கருப்பு ஒரு பக்கம் எனப் பிரித்துக் கட்டியிருந்தாள். பூந்திக்கொட்டை நுரையில் நான்கு தடவை அலசினாள். விரலாலேயே பிய்த்துப் பிய்த்து மேகம் மாதிரி ஆக்கினாள். தக்ளிக்குக் கனம் போதவில்லை என்று அடியில் ஓட்டாஞ்சில்லைக் கட்டினாள். ஈரமான ஆட்டின் வாடை கூடம் முழுக்கப் பரவியது. நீங்கள் மூக்கைப் பொத்தினீர்கள். உங்களைவிட இறுக்கமாக நான் பொத்தினேன். அது என் வீட்டு வாடை.

கருப்புக்குச் சாயம் வேண்டாம், ஆடே கொடுத்தது. மஞ்சளுக்கு ஆவாரம்பூவும் படிகாரமும். சிவப்பு வேண்டும் என்று டீச்சர் சொன்னார். மறுநாள் நல்ல குங்குமச் சிவப்பில் ஒரு சிட்டம் நூல் கொண்டுவந்து வைத்தாள்.

"எந்தக் கடையிலடி வாங்குன?"

"ஆரத்தி கரைக்கிறதுதான் டீச்சர். மஞ்சத் தண்ணில முக்கி, சுண்ணாம்புத் தண்ணில முக்கினேன்."

டீச்சர் சிரித்தே விட்டார். அவர் யாரையும் பாராட்டிச் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். அதுவரை டீச்சரிடம் முதல் பிள்ளை நான்தான்.

கணக்கு நோட்டுக் கட்டத்தில் அவள் பூவேலைக்குப் படம் போட்டு வைத்திருந்தாள். யாரும் இல்லாதபோது எடுத்துப் பார்த்தேன். அடியில் சிவப்புப் பட்டை. அதற்கு மேல் வெள்ளையில் கருப்பு முக்கோணங்கள், ஒற்றை ஒற்றையாக ஒரு வரிசை. அடுத்த வரிசையில் மஞ்சள் முக்கோணங்கள், இரண்டு இரண்டாக. உங்களுக்கு அது வெறும் முக்கோணம். எனக்குப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. ஒன்று மாமா ஆட்டுக் காது. மற்றது என் அப்பா ஆட்டுக் காது. சத்தியத்தை மீறாமல் எங்கள் உறவைக் குல்லாவில் எழுதிக்கொண்டிருந்தாள்.

பொங்கல் லீவுக்குப் பிறகு விடுதியில் பேன் வந்தது. ஞாபகம் இருக்கும். எங்கிருந்து வந்தது என்பது உங்களுக்குத் தெரியாது. என் தலையிலிருந்து வந்தது. லீவில் ஒரு கல்யாண வீட்டில் ஐந்து பேர் ஒரே தலையணையில் படுத்தோம். மூன்றாம் நாள் காதோரம் ஊர்ந்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. இருந்தும் உங்கள் சீப்பை வாங்கிச் சீவினேன். வாங்காமல் இருந்தால் ஏன் என்று கேட்பீர்களே.

மாசிக் கடைசியில் வார்டன் அம்மா நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஒவ்வொருத்தியாகக் குனியவைத்துப் பேன்சீப்பால் சீவினார். கீழே விழுவதைப் பார்ப்பதற்கு வெள்ளைத்தாள். தாளைப் பிடித்துக்கொண்டு நின்றவள் லீடர். தாள் பிடிப்பவளின் தலையை யாரும் சீவிப் பார்ப்பதில்லை. ஒன்பது பேர் தலையிலிருந்து விழுந்தது. மாமா மகள் தலையிலிருந்து ஒன்றும் விழவில்லை.

"எப்படி வந்துச்சு இது? இத்தனை வருஷமா இல்லாதது?" வார்டன் அம்மா எழுந்துவிட்டார். "மறுபடி எல்லாரும் உக்காருங்க. ஒருத்தி விடாமப் பாக்கப் போறேன்."

ஒருத்தி விடாமல் என்றால் நானும்தான். என் வாய் தானாகப் பேசியது என்று சொல்ல மாட்டேன். யோசித்துத்தான் பேசினேன்.

"அம்மா, அந்த ஆட்டு மயிரு மூட்டைல பேன் இருக்கும்மா."

ஆட்டுக்குப் பேன் உண்டு. ஆனால் ஆட்டுப் பேன் மனிதத் தலையில் ஒரு நாள்கூடத் தங்காது. கிடைக்காரர் வீட்டில் நடை பழகும் பிள்ளைக்குக்கூடத் தெரிந்த விஷயம் அது. குட்டியைக் கட்டிக்கொண்டே தூங்கி வளர்ந்தவர்கள் நாங்கள். ஆனால் பாடம் படித்து வந்த வார்டன் அம்மாவுக்குத் தெரியாது, டீச்சருக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. அந்தக் கூடத்தில் அது தெரிந்தவர்கள் இரண்டு பேர். நான் ஒருத்தி. இன்னொருத்தி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். 'அக்காவுக்கும் தெரியும், அவுக வீட்டுலயும் ஆடுதான்' என்று அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சத்தியம் பண்ணியிருந்தாள். சொல்லவில்லை.

"இவ தலையில ஒண்ணும் விழலையே," என்றார் டீச்சர், மெதுவாக.

"முட்டை இருக்கும். மூலத்தை எடுக்காம ஒண்ணும் சரிப்படாது," என்றார் வார்டன் அம்மா. டீச்சர் குனிந்து கீழே ஏதோ கம்பியைத் தேட ஆரம்பித்தார்.

மறுநாள் திருமங்கலத்திலிருந்து முடி வெட்டுகிறவர் வந்தார். முற்றத்தில், நம் எல்லார் முன்னாலும். பேன் இருந்த ஒன்பது பேருக்கும் வேப்பெண்ணெய். பேன் இல்லாத ஒருத்திக்கு மொட்டை. சவரக்கத்தி இரண்டு இடத்தில் பட்டு ரத்தம் வந்தது. அவள் அழாததில் வார்டன் அம்மாவுக்குக் கோபம். "பாரு திமிர" என்றார். பக்கத்திலேயே அந்தச் சாக்கைக் கொளுத்தினார்கள். மயிர் எரியும் நாற்றம் சாயங்காலம்வரை போகவில்லை.

அவள் எழுந்து நம்மைக் கடந்து போனபோது யாரோ "மே...ஏ...ஏ" என்று கத்தினார்கள். உடனே எல்லோரும் கத்தினீர்கள். அந்த முதல் "மே" யாருடையது என்று உங்களில் யாருக்கும் தெரிந்திருக்காது. எவ்வளவு தத்ரூபமாக இருந்தது! பிறந்ததிலிருந்து ஆட்டுச் சத்தம் கேட்டு வளர்ந்தவள் கத்தினால் அப்படித்தான் இருக்கும்.

ஏற்கெனவே நூற்றுச் சாயம் போட்ட நூல் டீச்சர் அலமாரியில் இருந்ததால் தப்பியது. கண்காட்சிக்கு அதைவிட நல்ல சாமான் நம்மிடம் கிடையாது. எனவே அது சாயத்தில் கொதித்த நூல், அதில் பேன் செத்திருக்கும் என்று வார்டன் அம்மா முடிவு செய்தார். மொட்டைத் தலையோடு உட்கார்ந்து அவள் குல்லாவை முடித்தாள். உள்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். ஒரு நூல்கூட இழுக்கவில்லை, ஒரு நூல்கூடத் தொங்கவில்லை.

கண்காட்சிக்கு ஒரு வாரம் முன்பு வார்டன் அம்மா சொன்னார். "விருந்தாளிங்க முன்னாடி இந்த மண்டையோட நிக்காத. நீ பின்னுனதுதானே? போட்டுக்க. இன்னைலருந்தே போட்டுப் பழகு."

புதிதாக மழித்த தலை, முரட்டு மயிர், பங்குனி வெயில். வகுப்பில் வேர்வை அவள் கன்னத்தில் கோடாக இறங்கும். சொறியக் கை போனால் "எடுக்காதே" என்று பெஞ்சில் தட்டுவது லீடர் வேலை. இரண்டாம் நாளே மண்டையில் வேர்க்குரு. ஐந்தாம் நாள் அது சீழ் பிடித்தது. ஒருநாள் குழாயடியில் என்னிடம் அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"ஊர்ல சொல்லிட மாட்டேல்ல? கண்காட்சி முடிஞ்சா பரீட்சை. அப்புறம் லீவு. அதுக்குள்ள முடி கொஞ்சம் வந்துரும். அய்யாவுக்குத் தெரியாமயே போயிரும்."

அவளுக்கு அப்போதும் படிப்புதான்.

ஆனால் கண்காட்சி அன்றைக்கே பெற்றோரும் வரலாம் என்று கடிதம் போயிருந்தது. அது அவளுக்குத் தெரியாது. என் வீட்டுக் கடிதத்தை எப்போதும்போல நானே வாங்கிக் கிழித்துவிட்டேன். அவள் வீட்டுக்கு அந்தக் கடிதம் போவதைத் தடுக்கத் தோன்றவில்லை.

நீங்கள் போட்ட படம் காலையில் எடுத்தது. பத்து மணிக்கு நடுவர் அம்மா வந்தார். நேராகக் குல்லாவிடம் போனார். கையில் எடுத்துப் பார்க்க வேண்டும் என்று அவள் தலையிலிருந்து உருவினார். பொருக்கும் சீழும் உரிந்த தோலுமாகத் தலை வெளியே வந்தது.

"ஐயோ! என்னம்மா இது?"

"வேண்டுதல் மொட்டை மேடம்," என்றார் வார்டன் அம்மா. "லீடர், நீ வா. நூல் வேலையைப் பத்தி மேடத்துக்குச் சொல்லு."

சொன்னேன். மயிரைப் பிரிப்பது, பூந்திக்கொட்டையில் அலசுவது, ஓட்டாஞ்சில்லு, ஆவாரம்பூ, ஆரத்திச் சிவப்பு. அவள் கையைப் பார்த்துப் படித்த எல்லாவற்றையும் நல்ல தமிழில், நிறுத்தி நிறுத்தி, நாங்கள் நாங்கள் என்று சொன்னேன். நடுவர் அம்மா முக்கோணங்களைத் தொட்டு, "இது என்ன?" என்று கேட்டார்.

"மலைகள் மேடம்."

மாமா மகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"என்ன தெளிவா பேசுற! உன்னை மாதிரிப் பிள்ளை மதுரையில் படிக்கணும்," என்றார் நடுவர் அம்மா. எட்டாம் வகுப்புக்கு என்னை மதுரைக்கு அழைத்துக்கொண்டது அவர் பள்ளிதான். நான் நகரத்துக்குப் படிக்கப் போன கதை இவ்வளவே. குல்லாவையும் அவருக்கே பரிசாகக் கொடுத்தார்கள்.

அப்போது வாசலில் மாமா நின்றுகொண்டிருந்தார். வெள்ளை வேட்டி, கையில் ஒரு பை வேர்க்கடலை. எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியாது. எனக்கு முதல் மொட்டை போட்டதும் காது குத்தியதும் அவர் மடியில் உட்காரவைத்துத்தான். என்னை எங்கே பார்த்தாலும் "வாடி மருமகளே" என்று ஊர் கேட்கக் கூப்பிடுகிறவர். மகள் தலையைப் பார்த்தார். பக்கத்தில் போய் உள்ளங்கையை அந்தத் தலைக்கு மேலே, தொடாமல், பிடித்துக்கொண்டு நின்றார்.

"எந்தச் சாமிக்குத் தாயி வேண்டுதல்? எனக்குத் தெரியாம?" என்று வார்டன் அம்மாவைக் கேட்டார்.

நடுவர் அம்மா அடுத்த மேசைக்குப் போயிருந்தார். வார்டன் அம்மா குரலைத் தணித்தார். "ஆட்டு மயிர்ல பேன் கொண்டாந்து விடுதிக்கே பரப்பிட்டா. எங்களுக்கு வேற வழியில்ல."

"ஆட்டுப் பேனு ஆளுக்கு ஏறாது தாயி."

"உங்களுக்குத் தெரியுமா, எங்களுக்குத் தெரியுமா? இந்தப் பிள்ளைதான் கண்டுபிடிச்சுச் சொன்னா. விவசாயக் குடும்பத்துப் பிள்ளை."

மாமா என் பக்கம் திரும்பினார். என் இரட்டைச் சடையைப் பார்த்தார். ஐம்பது ஆட்டில் எதற்கு உடம்புக்கு ஆகவில்லை என்று தூரத்திலிருந்தே சொல்கிற கண். காதோரம் ஊர்ந்தது. நான் கையை அசைக்கவில்லை. நீங்கள் எல்லாம் சுற்றி நின்றீர்கள். அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், என் இரண்டு வருஷம் போச்சு.

"அப்படியா தாயி? நீங்கதான் சொன்னீங்களா?"

"ஆமாங்கய்யா," என்றேன்.

என் தாய்மாமனை நான் ஐயா என்றேன். அவர் தலையை ஆட்டினார். "படிக்கிற பிள்ளை சொன்னாச் சரியாத்தான் இருக்கும்," என்று சொல்லிவிட்டு, கடலைப் பையை மேசை ஓரத்தில் வைத்தார். மகளைக் கூட்டிக்கொண்டு போனார். அவள் பெட்டியை எடுக்கக்கூட உள்ளே விடவில்லை. வாசலில் அவள் திரும்பி, என்னை அல்ல, கரும்பலகையில் எழுதியிருந்த பரீட்சை அட்டவணையைப் பார்த்தாள்.

அந்தக் கடலையை நாம் பங்கு போட்டுத் தின்றோம். பத்தாம் நாள் மறுபடியும் பேன். இந்தத் தடவை இருபது பேருக்கு, எனக்கும் சேர்த்து. எல்லாருக்கும் வேப்பெண்ணெய். யாருக்கும் மொட்டை இல்லை. மூலம் எது என்று யாரும் கேட்கவும் இல்லை.

அடுத்த வருஷம் நான் பெரிய மனுஷி ஆனபோது மாமா முறை தவறாமல் வந்தார். பச்சை ஓலை முடைந்தார், சீர்த்தட்டு வைத்தார், மாலை போட்டார். "எந்திரிங்க தாயி," என்றார். இன்றுவரை தாயிதான். வாங்க போங்கதான். மருமகளே என்று அவர் பிறகு கூப்பிடவே இல்லை. ஏன் என்று அம்மா பலமுறை கேட்டுப் பார்த்தாள். அவர் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

படத்துக்குக் கீழே உங்களில் ஒருத்தி எழுதியிருந்தாள்: "லீடர், உங்க ஊர்க்காரிதானே? நம்ம விடுதி சந்திப்புக்கு அவளையும் கூட்டிட்டு வா, ஜாலியா இருக்கும்." ஞாயிற்றுக்கிழமை போனேன். கிடை இப்போது டி. கல்லுப்பட்டிக்கு மேற்கே ஒரு பருத்திக் காட்டில். ஒரு குட்டியின் காதை மடியில் வைத்து உண்ணி பிடுங்கிக்கொண்டிருந்தாள். இடுப்புவரை தொங்குகிற முடியை அள்ளிக் கொண்டை போட்டிருந்தாள். போனை நீட்டினேன். கையைச் சேலையில் துடைத்துவிட்டு வாங்கி, இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினாள். முகத்தை அல்ல, குல்லாவின் அடிப்பட்டையை.

"பாரு மதினி, மஞ்சளாப் போச்சு. சுண்ணாம்புச் செவப்பு வேர்வைக்கு நிக்காது. அன்னைக்கு எனக்குத் தெரியல."

அதன் பிறகுதான் நானும் பார்த்தேன். சிவப்புப் பட்டை நெற்றியைத் தொட்ட இடமெல்லாம் வெளிறிய மஞ்சள். அந்த ஒரு வாரத்து வேர்வை முழுக்க அங்கே இருந்தது.

"எல்லாரும் ஒன்னையக் கேக்குறாங்க. வாரியா?" என்றேன்.

"வாரேன்னே வையி. அங்க என்னைய யாருன்னு சொல்லுவ?"

வாயைத் திறந்தேன். சொல்லத்தான் வந்திருந்தேன். அவள் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, குட்டியின் மறுகாதை மடித்தாள்.

"ஊர்க்காரின்னே சொல்லு மதினி. அதுதான் ஒனக்கு வாயில நல்லா வரும்."